மாத்திரையை மறைக்க வேண்டாம்

(ரமலானுக்கு முன்பு ஒண்டிக்கடையில் நம் அறக்கட்டளைக் கூடத்தில் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை. பெண்கள் பகுதியிலிருந்து வந்த சீட்டுகளுக்கு அளித்த பதில்களும் இதில் உள்ளன.)





இன்றைய தலைப்பைக் கேட்டுச் சில பெரியவர்கள், "இதையெல்லாம் சபையில் பேசணுமா?" என்று கேட்டார்கள். பேசத்தான் வேண்டும். ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். அதில் எங்கள் தவறு ஒன்றும் இருக்கிறது.

முன்பு ஒரு முறை உம்ரா செல்பவர்களுக்கு இதே கூடத்தில் வகுப்பு நடத்தினோம். இஹ்ராம் கட்டுவது, தவாஃப், ஸயீ எல்லாம் விரிவாகச் சொன்னோம். பெண்கள் பகுதியிலிருந்து ஒரு சீட்டு வந்தது: அந்த நாட்களில் ஹைளு வந்துவிட்டால் என்ன செய்வது? நேரம் ஆகிவிட்டிருந்தது. நாங்கள் ஒரே வரியில் பதில் சொல்லி முடித்தோம். "தள்ளிப்போட மாத்திரை இருக்கிறது, மெடிக்கலில் கேட்டால் தருவார்கள்." அடுத்த கேள்விக்குப் போய்விட்டோம்.

அந்த வரியைக் கேட்டு வீட்டுக்குப் போன ஒரு சகோதரியின் கதையை, அவர் அனுமதியோடு, பெயர் சொல்லாமல் சொல்கிறோம். நாற்பதை நெருங்கும் வயது, மூன்று பிள்ளைகள். மெடிக்கலுக்குப் போய்க் கேட்கக் கூச்சம். மச்சியிடம் கேட்டார். மச்சிக்கு நீர்க்கட்டிக்காக மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையில் இரண்டு அட்டை மீதம் இருந்தது. அதுவும் கருத்தடை மாத்திரைதான், ஒரே சரக்கு, வேறு பெயர். பயணத்துக்குச் சில நாட்களுக்கு முன் ஆரம்பித்து, உம்ரா முழுக்கப் போட்டார். ஹைளு வரவில்லை. சந்தோஷமாகத் திரும்பினார்.

திரும்பிய மூன்றாம் நாள் இடது கெண்டைக்காலில் வலி. ஸஃபா மர்வாவுக்கு இடையில் நடந்த வலி என்று வீட்டில் சொன்னார்கள். தைலம் போட்டு நன்றாக உருவியும் விட்டார்கள். கால் வீங்கியது. பிறகு ஒரு விடியற்காலையில் மூச்சு வாங்கியது, நெஞ்சில் குத்தியது. 108-ஐ அழைத்துச் சேலத்துக்கு இறக்கினார்கள். அங்கே மருத்துவர், ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டபோது அருகில் கொழுந்தனார் நின்றார். அவர் இல்லை என்று தலையாட்டினார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு செவிலியர் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுத் தனியாகக் கேட்ட பிறகுதான் சொன்னார். காலில் ரத்தம் உறைந்து, அதில் ஒரு துண்டு நுரையீரலுக்குப் போயிருந்தது. அல்லாஹ் காப்பாற்றினான். ஊசி போட்டார்கள். ரத்தம் உறையாமல் இருக்கப் பல மாதம் மாத்திரை சாப்பிட்டார்.

மருத்துவ உதவிக்கான மனுவோடு அந்தக் குடும்பம் எங்களிடம் வந்தபோது அவர் குறையாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். "நீங்க கிளாஸ்ல சொன்னீங்கல்ல, அதுனாலதான் பயமில்லாம போட்டேன்." அன்றிலிருந்து இந்தப் பேச்சு எங்கள் மேல் கடனாக இருக்கிறது.

நாங்கள் மருத்துவர்கள் அல்ல. இங்கே சொல்லப்போவதை ஒரு மகப்பேறு மருத்துவரிடம் படித்துக் காட்டித் திருத்தி வாங்கிய பிறகே சொல்கிறோம். உங்கள் உடலுக்கு எது சரி என்று சொல்ல வேண்டியவர் உங்களைப் பார்க்கும் மருத்துவரே.

மார்க்கச் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம், ஏனென்றால் பலர் பயப்படுவது அங்கேதான். நபி (ஸல்) அவர்களின் காலத்தில் தோழர்கள் அஸ்ல் செய்துவந்தார்கள், அது தடுக்கப்படவில்லை என்று ஜாபிர் (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் திருமணம் பற்றிய பகுதியில், பிரசவ ஆபத்திலிருந்து மனைவியின் உயிரைக் காப்பதும் அதற்குத் தகுந்த காரணம் என்று எழுதியிருக்கிறார். மனைவியின் சம்மதம் வேண்டும் என்று ஹனஃபி நூல்கள் சொல்கின்றன. பிள்ளைகளுக்கு இடையே இடைவெளி விடத் தற்காலிகமான வழியை, இருவரும் பேசி, உடலுக்குக் கேடு இல்லாமல் மேற்கொள்வதை இன்றைய உலமாக்களில் பெரும்பாலோர் இதை வைத்தே அனுமதிக்கிறார்கள். நிரந்தர அறுவைச் சிகிச்சைக்குச் சட்டம் வேறு, அதை ஹஜ்ரத்திடம் கேளுங்கள். தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் அந்த அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் என்று தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. மாத்திரை எடுப்பவர்கள் மிகச் சிலர். அதனால்தான் மாத்திரை பற்றி நம் ஊரில் அனுபவ அறிவும் குறைவு. பாட்டியிடம் கேட்டால் பாட்டிக்குத் தெரியாது.

"உடலுக்குக் கேடு இல்லாமல்" என்று சட்டத்திலேயே ஒரு நிபந்தனை இருக்கிறதல்லவா? கேடு யாருக்கு வரும், யாருக்கு வராது என்பதைத் தெரிந்துகொள்வதும் அப்போது மார்க்கக் கடமையில் சேர்ந்ததுதான்.

மாத்திரையில் என்ன இருக்கிறது? பெண் உடலில் இயல்பாகச் சுரக்கும் இரண்டு வகைச் சுரப்புநீர்களைப் போன்ற மருந்துகள். ஒன்று ஈஸ்ட்ரோஜன் வகை, இன்னொன்று புரோஜெஸ்டிரோன் வகை. இரண்டும் சேர்ந்திருப்பதால் கூட்டு மாத்திரை என்பார்கள். சினைமுட்டை வெளிவராமல் தடுப்பதுதான் முக்கிய வேலை. கரு உண்டான பிறகு அதைக் கலைக்கும் மருந்து இது இல்லை. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கொடுக்கும் மாலா-என், கடையில் சலுகை விலைக்குக் கிடைக்கும் மாலா-டி இரண்டும் இந்த வகை. அட்டையில் 28 மாத்திரை. 21 மருந்து மாத்திரை, நிறம் மாறியிருக்கும் 7 வெறும் இரும்புச்சத்து. அந்த 7 நாளில் மாதவிலக்கு வரும். மருந்து மாத்திரை ஒவ்வொன்றிலும் லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மில்லிகிராம், எத்தினைல் எஸ்ட்ராடயால் 0.03 மில்லிகிராம். 1960-ல் அமெரிக்காவில் முதல் கருத்தடை மாத்திரைக்கு அனுமதி கிடைத்தபோது அதில் ஈஸ்ட்ரோஜன் இதைப் போலப் பல மடங்கு இருந்தது. ரத்தம் உறைந்த செய்திகள் வந்த பிறகுதான் அளவைப் படிப்படியாகக் குறைத்தார்கள்.

குறைத்தும் ஆபத்து பூஜ்யம் ஆகவில்லை. ஈஸ்ட்ரோஜன் கல்லீரலுக்குப் போய், ரத்தத்தை உறையவைக்கும் பொருட்களைக் கொஞ்சம் கூடுதலாகச் செய்ய வைக்கிறது. எவ்வளவு என்று கணக்கைக் கேளுங்கள், பயமும் அளவோடு இருக்கும். மாத்திரை எடுக்காத, கர்ப்பம் இல்லாத 10,000 பெண்களில் ஓர் ஆண்டில் சுமார் 2 பேருக்கு இப்படி ரத்தம் உறைகிறது. மாலா-என் போன்ற மாத்திரை எடுப்பவர்களில் 5 முதல் 7 பேர். நீர்க்கட்டிக்கும் முகப்பருவுக்கும் எழுதித் தரும் சில புதிய வகைகளில் 9 முதல் 12 பேர். ஐரோப்பிய மருந்து முகமை 2013-ல் ஆராய்ந்து சொன்ன கணக்கு இது. கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களிலும் ஆபத்து இதைவிட அதிகம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆக, பெரும்பாலான பெண்களுக்கு இது நல்ல மருந்து. அதிக ரத்தப்போக்கைக் குறைக்கும். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்பதை நினைத்தால் அது சின்ன விஷயம் இல்லை. சினைப்பை, கருப்பைப் புற்றுநோய்களின் வாய்ப்பையும் குறைக்கிறது. எடுக்கும் காலத்தில் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு சற்றே கூடுகிறது, அதையும் மறைக்கக் கூடாது.

அந்த 10,000-ல் ஆபத்துக்கு உள்ளாகும் சிலர் யார் என்பதைப் பெரும்பாலும் முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். அதற்கு ஸ்கேன் வேண்டாம், விலை உயர்ந்த பரிசோதனை வேண்டாம். சில கேள்விகளும் கையில் கட்டும் பிரஷர் பட்டையும் போதும். நம் சகோதரிக்கு மாத்திரை கொடுத்த மச்சி அந்தக் கேள்விகளைக் கேட்கவில்லை, ஏனென்றால் அவருக்கும் தெரியாது. மச்சிக்கு 24 வயது. மச்சியிடம் மருத்துவர் கேட்டிருந்தார், பிரஷர் பார்த்திருந்தார். அந்தப் பதில்கள் மச்சியுடையவை. நம் சகோதரியிடம் யாராவது கேட்டிருந்தால் அவருடைய அம்மாவுக்கும் சின்ன வயதில் காலில் ரத்தம் உறைந்தது வெளியே வந்திருக்கும்.

என்ன கேள்விகள்? உங்களுக்கோ, தாய், உடன்பிறந்தவர்களுக்கோ காலில், நுரையீரலில் ரத்தம் உறைந்தது உண்டா? மாரடைப்பு, பக்கவாதம் வந்ததுண்டா? பிரஷர் இருக்கிறதா? 140-க்கு 90 என்ற அளவையோ அதற்கு மேலோ காட்டினால் பொதுவாக இந்த மாத்திரை வேண்டாம். 160-க்கு 100 எட்டினால் கண்டிப்பாகக் கூடாது. ஒற்றைத் தலைவலி உண்டா? இதைக் கவனமாகக் கேளுங்கள். தலைவலி வருவதற்கு முன் கண்ணில் மின்னல் மாதிரி வளைந்து வளைந்து ஒளி தெரிகிறது, ஒரு பக்கம் மரத்துப்போகிறது என்றால், எந்த வயதானாலும் இந்த மாத்திரை கூடாது, பக்கவாத ஆபத்து. மார்பகப் புற்றுநோய், கல்லீரல் நோய் இருந்தாலும் கூடாது. சர்க்கரை நீண்ட காலமாக இருந்து கண்ணையோ சிறுநீரகத்தையோ தொட்டிருந்தால் வேண்டாம். 35 வயதைத் தாண்டிப் புகைப்பவர்களுக்கும் ஆகாது. நம் வீட்டுப் பெண்கள் புகைப்பதில்லை என்பீர்கள், சரி. பெரிய அறுவைச் சிகிச்சை செய்து படுக்கையில் இருக்கப்போகிறீர்கள் என்றால் சில வாரங்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள்.

இன்னொன்று, நம் வீடுகளில் அதிகம் நடப்பது. நாற்பது முடிந்தவுடன் மாத்திரை ஆரம்பிப்பது. நிஃபாஸ் முடிந்து குளித்துவிட்டோம், இனி எடுக்கலாம் என்று நினைக்கிறோம். தாய்ப்பால் கொடுப்பவர்கள் 6 வாரத்துக்குள் அறவே எடுக்கக் கூடாது. அதன் பிறகும் பிள்ளைக்கு 6 மாதம் ஆகும்வரை கூட்டு மாத்திரையைத் தவிர்ப்பதே நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பாலின் அளவும் குறையலாம். இரண்டு ஆண்டு பால் கொடுப்பதைக் குர்ஆனே பேசுகிறது, அந்தப் பாலை நாமே குறைத்துக்கொள்ள வேண்டாம். அந்த மாதங்களுக்கு வேறு வழிகள் உண்டு. காப்பர்-டி உண்டு. 6 வாரத்துக்குப் பிறகு அந்தரா ஊசி உண்டு. சாயா மாத்திரை உண்டு. சாயாவில் ஈஸ்ட்ரோஜனே இல்லை. முதல் 3 மாதம் வாரம் இரண்டு முறை, பிறகு வாரம் ஒரு முறை. முன்பு சஹேலி என்ற பெயரில் வந்ததும் இதுவே. லக்னோவில் அவத் நவாபுகளின் சத்தர் மன்ஸில் அரண்மனையில் இயங்கிவந்த மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் நம் நாட்டு விஞ்ஞானிகளே கண்டுபிடித்த மருந்து. நவாபுகள் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

பிரஷர் பார்ப்பதற்கு எங்கே போவது? ஏற்காடு அரசு மருத்துவமனையில் பார்ப்பார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்ப்பார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் வீட்டுக்கே வருகிறார்கள். அவர்கள் வரும்போது அத்தாவுக்கும் மாமனாருக்கும் மட்டும் பார்த்து அனுப்பிவிடாதீர்கள். வீட்டு மருமகளையும் கையை நீட்டச் சொல்லுங்கள்.

இனி, எடுக்கும் முறை. மாதவிலக்கு ஆரம்பித்த 5 நாட்களுக்குள் தொடங்கினால் அப்போதிருந்தே பாதுகாப்பு உண்டு. மற்ற நாட்களில் தொடங்கினால் முதல் 7 நாள் ஆணுறையும் வேண்டும். தினமும் ஒரே நேரம். இஷா தொழுத பிறகு என்று வைத்துக்கொண்டவர்கள் மறப்பதில்லை என்று எங்களிடம் சொன்னார்கள். ரமலானிலும் அந்த நேரத்தை மாற்ற வேண்டியதில்லை. காலையில் எடுப்பவர்கள் நோன்பு தொடங்கும்போது ஸஹருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நேரத்தை முன்னால் கொண்டுவருவதில் கெடுதல் இல்லை.

ஒரு நாள் மறந்தால், நினைவு வந்ததும் போடுங்கள், அன்றைய மாத்திரையையும் அதன் நேரத்தில் போடுங்கள். ஒரே நாளில் இரண்டு ஆனாலும் பரவாயில்லை. இரண்டு நாளோ அதற்கு மேலோ மறந்தால், கடைசியாக விட்ட ஒன்றை மட்டும் உடனே போட்டு, மற்றதை விட்டுவிட்டு, வழக்கம்போலத் தொடருங்கள். அடுத்த 7 நாளுக்கு ஆணுறை. மறந்தது மருந்து மாத்திரையின் மூன்றாவது வாரத்தில் என்றால், இரும்பு மாத்திரைகளைத் தவிர்த்து நேராகப் புதிய அட்டைக்குப் போங்கள். முதல் வாரத்தில் என்றால் மருத்துவரிடம் கேளுங்கள், கர்ப்ப வாய்ப்பு அப்போது கூடுதல். இரும்பு மாத்திரை மறந்தால் ஒன்றும் இல்லை, தூக்கிப் போடுங்கள். சரியாக எடுத்தால் ஆண்டுக்கு 100 பேரில் ஒருவருக்குக்கூடக் கர்ப்பம் தரிப்பதில்லை. நாம் எல்லோரும் எடுக்கிற மாதிரி, மறந்து மறந்து எடுத்தால் 7 பேர் வரை.

நம் ஊருக்கு மட்டும் ஒரு குறிப்பு. மாத்திரை போட்ட 3 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மருந்து உடம்பில் சேர்ந்திருக்காது, இன்னொன்று போட வேண்டும். சேலம் பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கும்போது நம்மில் எத்தனை பேருக்கு வாந்தி வரும் என்று உங்களுக்கே தெரியும். மாத்திரையைப் போட்டுவிட்டுக் காலை பஸ் ஏறாதீர்கள். அதுவும் ஒரு காரணம், இரவு நேரமே நல்லது.

இப்போது ரமலான், உம்ரா, ஹஜ் விஷயம். முதலில் ஒன்று தெளிவாகட்டும். ஹைளு வருவது குறையும் இல்லை, பாவமும் இல்லை. விட்ட நோன்பைப் பிறகு களாச் செய்தால் போதும். தொழுகைக்குக் களாவும் இல்லை. ஹஜ்ஜில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கே வந்தது. தவாஃப் தவிர மற்ற ஹாஜிகள் செய்வதையெல்லாம் செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். ஆகவே யாரும் மாத்திரை போட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மருமகளுக்கு அதை மாமியார் வாங்கித் தந்து போடச் சொல்வதும், "எங்க காலத்துல நாங்க எல்லாம் முழு நோன்பு புடிச்சோம்" என்பதும் வேண்டாம்.

அப்படியும் ஒருவர் விரும்பினால் கூடும். கூட்டு மாத்திரையை ஏற்கெனவே எடுத்துவருபவருக்கு இது எளிது. இரும்பு மாத்திரைகளை விட்டுவிட்டு அடுத்த அட்டையைத் தொடங்கினால் மாதவிலக்கு தள்ளிப்போகும். இடையில் திட்டுத் திட்டாக ரத்தம் படலாம். அது பொதுவாக ஆபத்தில்லை, அதன் சட்டத்தை ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். புதிதாக எடுப்பவர் பயணத்துக்கு 2, 3 மாதம் முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் இங்கே இருக்கிறது. ரத்தம் உறையும் ஆபத்து, மாத்திரை தொடங்கிய முதல் மாதங்களில்தான் அதிகம். போகப்போகக் குறையும். 4 வாரமோ அதற்கு மேலோ நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினால் அந்த ஆபத்தும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஒவ்வொரு ரமலானுக்கும் ஒரு மாதம் எடுத்து நிறுத்துவது உடம்புக்கு இலேசு என்று நாமெல்லாம் நினைக்கிறோம். உண்மையில் ஒவ்வொரு ஆண்டும் ஆபத்து அதிகமான அந்த ஆரம்ப நாட்களை மட்டுமே திரும்பத் திரும்ப எடுக்கிறோம். நம் சகோதரிக்கு அதோடு விமானத்தில் மணிக்கணக்காகக் காலை மடக்கி உட்கார்ந்ததும் சேர்ந்துகொண்டது.

மெடிக்கலில் தள்ளிப்போடக் கொடுப்பது பெரும்பாலும் நோரெத்திஸ்டிரோன் 5 மில்லிகிராம், ஒரு நாளைக்கு மூன்று. இது கூட்டு மாத்திரை இல்லை, ஈஸ்ட்ரோஜன் இல்லாதது, அதனால் பயமில்லை என்று சிலர் சொல்வார்கள். அது முழு உண்மை இல்லை. அந்த அளவில் எடுக்கும்போது உடம்பே அதில் ஒரு பகுதியை எத்தினைல் எஸ்ட்ராடயாலாக மாற்றிக்கொள்கிறது. ஆகவே அதற்கும் முதலில் சொன்ன அதே கேள்விகள்தான். அது கருத்தடைக்கு உதவாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

உம்ராவுக்கு மாத்திரையைவிட நல்ல ஏற்பாடு தேதிதான். பெண்ணிடம் கேட்டு, மாதக் கணக்குப் பார்த்துப் பயண நாளை முடிவு செய்தால் பாதி வேலை முடிந்தது. டிக்கெட் எடுக்கும் ஆண்கள் அந்த ஒரு கேள்வியைக் கேட்பதில்லை.

எடுக்கும் காலத்தில் இவற்றில் ஒன்று வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்: ஒரு காலில் மட்டும் வலி, வீக்கம், சூடு, திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, இதுவரை வராத அளவுக்குக் கடும் தலைவலி, பார்வை மங்கல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, கடுமையான வயிற்று வலி, கண் மஞ்சள். ஒரு கால் வீங்கினால் உருவிவிடாதீர்கள், தைலம் போட்டுத் தேய்க்காதீர்கள். மூச்சு வாங்கினால் 108. மற்றபடி முதல் மூன்று மாதம் குமட்டல், மார்பு கனத்தல், லேசான தலைவலி பலருக்கும் வரும், போய்விடும்.

ஆண்களிடம் ஒரு வார்த்தை. எந்த மருத்துவர் எதற்காகப் பார்த்தாலும், எந்த மாத்திரை எடுக்கிறோம் என்று உங்கள் மனைவி தயங்காமல் சொல்லும்படி இருக்க வேண்டும். நீங்கள் பக்கத்தில் நிற்பதால் அவர் சொல்ல முடியவில்லை என்றால் வெளியே போய் நில்லுங்கள். அந்தக் கொழுந்தனார் நல்ல மனிதர், இரவெல்லாம் ஆஸ்பத்திரியில் ஓடியவர். அவர் நின்ற இடம்தான் தவறாகிவிட்டது.

சீட்டுகளுக்கு வருவோம்.

"காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன், இதுவும் சேர்த்து எடுக்கலாமா?" அந்தச் சிகிச்சையில் உள்ள ரிஃபாம்பிசின், கருத்தடை மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும். மருத்துவரிடம் சொல்லி வேறு வழிக்கு மாறுங்கள். வலிப்புக்கான சில மருந்துகளும் அப்படியே. சளி, காய்ச்சலுக்குத் தரும் சாதாரண ஆன்டிபயாட்டிக்கால் இந்தத் தொல்லை இல்லை.

"பல வருடம் எடுத்தால் பிறகு பிள்ளை பிறக்காதா?" பிறக்கும். நிறுத்திய சில மாதங்களில் பெரும்பாலோருக்குக் கருத்தரிக்கும் தன்மை திரும்பிவிடும். நடுவில் உடம்புக்கு ஓய்வு கொடுக்கிறேன் என்று நிறுத்தி நிறுத்தி எடுப்பதால்தான் வேண்டாத கர்ப்பமும், முன்பு சொன்ன ஆபத்தும் வருகின்றன.

"என் மகளுக்கு நீர்க்கட்டி. டாக்டரம்மா எழுதிக் கொடுத்தது கருத்தடை மாத்திரை என்று மெடிக்கலில் சொல்கிறார்கள். கல்யாணம் ஆகாத பெண், வெளியே தெரிந்தால்?" அம்மா, அது அவள் நோய்க்கு மருந்து. வாத நோய்க்கு மருந்து சாப்பிடுவது மாதிரி. அந்த மருந்துச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள், கிழிக்காதீர்கள். நாளைக்கு வேறு மருத்துவரிடம் போனால் காட்ட வேண்டும். மின்னல் தெரியும் தலைவலி உண்டா என்று மகளிடம் இன்றே கேளுங்கள். மீதமாகும் அட்டையை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

ஷஃபான் முடியும்வரை வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு இந்தக் கூடத்தில் பெண்கள் பக்கம் பிரஷர் பார்க்கும் கருவியும், பார்க்கத் தெரிந்த ஒரு சகோதரியும் இருப்பார்கள். பெயர் எழுத மாட்டோம். சேலத்தில் மருத்துவரைப் பார்க்கப் போகப் பஸ் செலவுக்குக் கஷ்டப்படுபவர்கள் எங்களிடம் சொல்லுங்கள், காரணம் கேட்க மாட்டோம்.

கடைசிச் சீட்டின் கையெழுத்து எங்களுக்குத் தெரியும். "இன்ஷா அல்லாஹ், அடுத்த வருடம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் உம்ரா போகலாமா?" போகலாம். உங்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு, காலுறை, விமானத்தில் எழுந்து நடப்பது, தண்ணீர் குடிப்பது என்று அவர் சொல்வதையெல்லாம் செய்து போகலாம். அம்மாவுக்கும் முன்பு காலில் உறைந்திருப்பதால் அவரையும் கூட்டிப்போய்க் காட்டுங்கள். இந்த மாத்திரை இனி உங்களுக்கு ஒருபோதும் கிடையாது. அங்கே ஹைளு வந்தால், சுத்தமாகும்வரை ஹோட்டலில் திக்ரும் துஆவுமாக இருந்து, பிறகு தவாஃப் செய்யுங்கள். குழு முன்பே கிளம்ப வேண்டியிருந்தால் என்ன செய்வது என்று டிக்கெட் எடுக்கும்போதே கேட்டு எழுதி வாங்கித் தருகிறோம். அந்தப் பொறுப்பு எங்களுடையது.

வஸ்ஸலாம்.